விறாந்தைத் தூணை எடுக்கமுன் வளையைப் பாருங்கள்

(மீளக்குடியமர்ந்த குடும்பங்களுக்கான வீடு திருத்தல் கலந்துரையாடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

இந்த வெயிலுக்குள் நடந்தும் சைக்கிளிலும் வந்து சேர்ந்த ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும், பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிற தங்கைச்சிமாருக்கும் முதலில் நன்றி. உங்களுக்கு வீட்டில் வேலை குவிந்து கிடக்கிறது என்று தெரியும். கிணறு இறைக்கவேண்டும், காணி துப்புரவாக்கவேண்டும், பிள்ளைகளின் பள்ளிக்கூட அலுவல் பார்க்கவேண்டும். ஆகவே ஒரேயொரு விசயத்தை மட்டும் பேசுகிறேன். விறாந்தைத் தூண்.

வீடு திருத்துவதில் எவ்வளவோ இருக்க, ஒரு தூணுக்காக ஒரு கூட்டமா என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர்கள் வீடு வீடாகப் போகும்போது திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி இது: "முன் விறாந்தையில நடுவில நிக்கிற இந்தத் தூணை எடுத்துவிட்டால் என்ன?" ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு வீட்டில் காலை இழந்த மகன் சக்கர நாற்காலியில் வாசலுக்கு வரத் தூண் தடுக்கிறது. இன்னொரு வீட்டில் விறாந்தையிலே சின்னக் கடை போட, தையல் மெசின் வைக்க, பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்த இடம் வேண்டும். வேறொரு வீட்டில் தூணிலே செல் துண்டு பட்டுப் பாதி பெயர்ந்து, பார்க்கவே மனதுக்குச் சங்கடமாக இருக்கிறது. இந்த நியாயங்கள் எதையும் நான் மறுக்க வரவில்லை.

நான் பொறியியலாளர் இல்லை. பல்கலைக்கழகத்தில் படித்தது கலைப்பிரிவு. இங்கே சொல்லப்போகும் கணக்குகளை எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களிடமும், கூரை வேலையில் பழுத்த ஓடாவிமாரிடமும் கேட்டுத் தெரிந்து, எங்கள் எல்லோருக்கும் விளங்குகிற பேச்சில் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு எந்த அளவு மரம் வேண்டும் என்பதை வந்து பார்க்கிற உத்தியோகத்தர்தான் சொல்லவேண்டும். ஆனால் அவர் சொல்வது ஏன் என்று உங்களுக்கு விளங்கினால், மேசனாரோடும் ஓடாவியாரோடும் நீங்கள் தைரியமாகப் பேசலாம். வீட்டில் ஆம்பிளைத் துணை இல்லாமல் தனியே நின்று வீடு திருத்துகிற அம்மாமாருக்கு இது மிகவும் தேவை.

முடிவை முன்னுக்கே சொல்லிவிடுகிறேன். தூணை எடுக்கலாம். ஆனால் அது அந்த வேலையில் கடைசி வேலை. அதற்கு முன் அதன் பாரத்தைத் தாங்க வேறொன்று ஆயத்தமாக நிற்கவேண்டும்.

அதற்கும் முதல் ஒன்று. தூணடியைக் கிண்டுவதானாலும், கூரைக்குள் ஏறுவதானாலும், அந்த வளவும் வீடும் வெடிபொருள் அகற்றப்பட்டதா என்று உறுதிப்படுத்துங்கள். காணி துப்புரவானது என்று கடிதம் வந்திருந்தாலும், வீட்டுக்குள் சுவர் மேலே, வளைக்கும் ஓட்டுக்கும் இடையிலே, இடிபாட்டுக் குவியலுக்குள்ளே வெடிக்காத ஒன்று கிடக்கலாம். இடிபாட்டுக் குப்பையை எரிக்கவேண்டாம். சந்தேகமான இரும்பைக் கண்டால் தொடாமல், வந்த வழியாலேயே திரும்பிப் போய், பிள்ளைகளையும் தூர வைத்துவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றும் குழுவுக்கோ அறிவியுங்கள். அவர்கள் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகு மற்ற வேலை.

இனித் தூணுக்கு வருவோம். சும்மா நிற்பதுபோல நிற்கிற அந்தத் தூண் எவ்வளவு சுமக்கிறது?

16 அடி நீளமான ஒரு விறாந்தையை எடுத்துக்கொள்வோம். இரண்டு அந்தத்திலும் ஒவ்வொரு தூண், நடுவில் ஒன்று. தூணுக்குத் தூண் 8 அடி. கூரையின் சரிவு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பகுதியும் சேர்த்து, 8 அடி. மொத்தம் 128 சதுர அடி. இதற்கு ஏறக்குறைய 180 ஓடு வேண்டும். ஓடு ஒன்று கிட்டத்தட்ட 3 கிலோ. ஆக, ஓடு மட்டுமே அரைத் தொன்னுக்கு மேல். கைமரம், சலாகை எல்லாம் சேர்த்தால் 600 கிலோ என்று வையுங்கள். இதில் ஒரு பாதி வீட்டுச் சுவரில் இறங்குகிறது. மற்றப் பாதியும் இன்னும் கொஞ்சமும் முன் வளைக்கு வருகிறது, வெளி நீட்டம் அந்தப் பக்கம் இருப்பதால். அந்த முன் வளையின் பாரத்தில் பாதியை நடுத்தூண் தனியே தாங்குகிறது. அது மூன்று பைச் சீமெந்துக்கு மேல் வரும். மழை நாளில் ஓடு தண்ணி குடித்து இன்னும் பாரமாகும். ஓடு மாற்ற ஒருவர் மேலே ஏறினால் அவருடைய பாரமும் சேரும். மூன்று பைச் சீமெந்தை ஒருவர் தலையில் வைத்துக்கொண்டு இரவு பகலாக அந்த இடத்தில் நிற்கிறார். அவரைப் போகச் சொல்கிறோம். சுமை எங்கேயும் போகாது. அது இரண்டு அந்தத்துத் தூண்களுக்கும் போகும். போகிற வழி வளை.

இங்கேதான் பலர் நினைப்பதற்கும் நடப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 8 அடி இருந்த இடைவெளி 16 அடி ஆகிறது, இரண்டு மடங்கு. ஆகவே இரண்டு மடங்கு பலமான மரம் போட்டால் போதும் என்று நினைப்போம். அப்படி இல்லை. இடைவெளி இரண்டு மடங்கானால், வளையை முறிக்கப் பார்க்கிற விசை நாலு மடங்கு ஆகும். வளையின் தொய்வு பதினாறு மடங்கு ஆகும். தூணுக்குத் தூண் தனித்தனித் துண்டாக வளை போட்டிருந்தால் உள்ள கணக்கு இது. நடுத்தூணுக்கு மேலால் ஒரே மரமாக ஓடுகிற வளையென்றால், தூணை எடுத்த பிறகு வருகிற தொய்வு இதைவிடவும் கூட. முன்பு கண்ணுக்கே தெரியாமல் நூல் அளவு தொய்ந்திருந்த வளை, தூண் போனபின் வெறும் கண்ணுக்கே வயிறு தள்ளித் தெரியும். ஓடு இடைவெளி விடும். ஒழுக்கு வரும். ஒழுக்கு வந்த இடத்தில் மரம் உக்கும், கறையானும் வரும். அதற்குப் பிறகு ஒரு மாரி.

சரி, என்ன மரம் போடுவது? பிள்ளைகளின் கொப்பிப் பையிலிருந்து ஓர் அடிமட்டத்தை எடுங்கள். இரண்டு புத்தகங்களுக்கு மேலே தட்டையாக வைத்து நடுவில் விரலால் அழுத்துங்கள். வளைந்துபோகும். அதே அடிமட்டத்தை விளிம்பில் நிறுத்திப் பிடித்து அழுத்துங்கள். அசையாது. மரம் அதே மரந்தான். நிற்கிற உயரந்தான் மாறியது. வளைக்கும் இதே கதை. அகலத்தை இரட்டிப்பாக்கினால், அல்லது அதே அளவான இன்னொரு மரத்தைப் பக்கத்தில் சேர்த்துப் போட்டால், பலம் இரண்டு மடங்குதான் வரும். உயரத்தை இரட்டிப்பாக்கினால் முறிவுக்கு எதிரான பலம் நாலு மடங்கு, தொய்வுக்கு எதிரான விறைப்பு எட்டு மடங்கு.

இதை எங்கள் விறாந்தைக்குப் பொருத்திப் பார்ப்போம். இப்போது இருக்கிற வளை 4 அங்குல உயரம் என்று வைப்போம். அதே அகலத்தில் 8 அங்குல உயர மரம் போட்டால், முறிகிற பயத்தைப் பொறுத்தவரை பழையபடி இருக்கும். ஆனால் முன்பைவிட இரண்டு மடங்கு தொய்யும். தொய்வும் பழையபடி இருக்கவேண்டுமானால் 10 அங்குல உயரம் வேண்டும். 16 அடி நீளத்தில், 10 அங்குல உயரத்தில், முறுக்கில்லாத முதிர்ந்த மரம் இன்றைக்கு இந்தப் பக்கத்தில் கிடைப்பது லேசு இல்லை. கிடைத்தாலும் விலை என்னவென்று மரக்காலையில் கேட்டுப் பாருங்கள். தூணை எடுக்கிற கூலி சின்னக் காசு; தூண் இல்லாமல் நிற்பதற்குத்தான் பெரிய காசு. இந்த இடத்திலேயே சில குடும்பங்கள் "தூண் நிக்கட்டும்" என்று முடிவெடுக்கும். அது நல்ல முடிவுதான்.

தகரக் கூரையென்றால் பாரம் ஓட்டின் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே சின்ன வளை போதும் என்று ஓடாவியார் சொல்வார். பாரத்துக்கு அது சரி. ஆனால் இரண்டு விசயத்தை அவரிடம் கேளுங்கள். ஒன்று, நாளைக்கு வெளிநாட்டில் இருக்கிற அண்ணன் காசு அனுப்பி, தகரத்தை மாற்றி ஓடு போடுகிற யோசனை வந்தால் இந்த வளை தாங்குமா? இன்றைய தகரத்துக்கு அளந்து போட்ட வளையின் மேல் ஐந்து வருடம் கழித்து ஓட்டை ஏற்றினால், அதைப் போட்ட ஓடாவியார் அப்போது பக்கத்தில் நிற்கமாட்டார். ஓடு போடுகிற எண்ணம் இருந்தால் இப்போதே ஓட்டுக்கான வளையைப் போடவேண்டும். மற்றது காற்று. விறாந்தை மூன்று பக்கமும் திறந்தது. காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து மேலே தூக்கும். தூண் கூரையைத் தாங்குவது மட்டுமில்லை, கூரையைப் பிடித்தும் வைத்திருக்கிறது. 1978 நவம்பரில் மட்டக்களப்புப் பக்கம் அடித்த சூறாவளியைக் கண்ட பெரியவர்கள் உங்கள் உறவினருக்குள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், தகரம் எப்படிப் பறந்தது என்று. நடுத்தூண் போனால் வளையின் இரண்டு அந்தமும் இரும்புப் பட்டியாலோ போல்ற்றாலோ தூணோடு கட்டப்படவேண்டும். கைமரங்களும் வளையோடு அப்படியே. ஓர் ஆணி மட்டும் போதாது; மேலே இழுக்கும்போது ஆணி கழன்றுவிடும்.

இனி உங்கள் வீட்டிலேயே நீங்களே பார்க்கக்கூடிய சோதனைகள். காசு வேண்டாம், ஒரு நூலும் ஓர் ஆணியும் போதும்.

நூலை வளையின் அடிப்பக்கத்தில் ஒரு அந்தத்திலிருந்து மற்ற அந்தத்துக்கு இறுக்கிப் பிடியுங்கள். தூண் நிற்கும்போதே தூணுக்கும் தூணுக்கும் நடுவில் வளை அரை அங்குலத்துக்கு மேல் கீழே இறங்கியிருந்தால், அந்த வளை ஏற்கெனவே களைத்துப்போயிருக்கிறது. பிறகு நடுத்தூணின் தலைப்பக்கத்தைப் பாருங்கள். வளை அந்த இடத்தில் இரண்டு துண்டாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா? பெரும்பாலான விறாந்தைகளில் அப்படித்தான் இருக்கும், ஏனென்றால் நீட்டு மரம் அந்தக் காலத்திலும் அருமைதான். பொருத்து அங்கே இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. வளை முழுவதையும் மாற்றாமல் தூணைத் தொடக்கூடாது. இரண்டு துண்டையும் பலகை வைத்து ஆணி அடித்து இணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நடுவில்தான் வளைக்கு அதிக வேலை. நடுவில்தான் அது அதிகம் பலவீனமாக இருக்கும்.

ஆணியால் மரத்தைக் குத்திப் பாருங்கள், முக்கியமாகச் சுவருக்குள் போகிற இடத்திலும் தூணில் குந்துகிற இடத்திலும். பாணுக்குள் போவதுபோல ஆணி போனால் உள்ளே கறையானோ உக்கலோ இருக்கிறது. தட்டினால் வெறும் பெட்டிச் சத்தம் கேட்கும். எரிந்த வீடென்றால் மரத்தின் கரியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே நல்ல மரம் இருக்கலாம், ஆனால் மிஞ்சியிருக்கிற அளவைத்தான் அதன் அளவாக எடுக்கவேண்டும். கொங்கிறீட் தூணோ வளையோ தீப்பட்டு இளஞ்சிவப்பு நிறமாக மாறியிருந்தால், அல்லது கம்பி தெரிகிற அளவுக்குப் பெயர்ந்திருந்தால், மேலே பூசி மறைக்கவேண்டாம். அப்படியே விட்டு உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். துண்டு பட்ட பனை மரங்களில் இன்னொரு தொல்லை உண்டு. உள்ளே இரும்பு இருப்பது வாள் போடும்போதுதான் தெரியும். வாள் போவது பரவாயில்லை. கண்ணைக் காப்பாற்றுங்கள்.

பனையைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் பக்கத்து வீடுகளுக்குப் பனை வளையைவிட நம்பிக்கையான மரம் குறைவு. ஆனால் பனையின் பலம் எல்லாம் வெளிப்பக்கத்துக் கறுத்த வைரத்தில் இருக்கிறது, உள்ளே சோற்றி. அடிமரம் வைரம் கூடியது, தலைப்பக்கம் போகப்போகக் குறையும். இளம்பனையிலே வைரம் ஏறியிராது. நீட்டு வளை வேண்டும் என்பதற்காக ஒரே மரத்தின் நுனிவரை எடுத்தால் ஒரு அந்தம் பலமாகவும் மற்ற அந்தம் மெலிவாகவும் இருக்கும். பனை தறிப்பதற்கு அனுமதி வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். தண்டவாளத் துண்டு ஒன்று பங்கருக்குப் போட்டபடி கிடக்கிறது, அதை வளையாக்கினால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. பலம் இருக்கும், ஐயமில்லை. ஆனால் அது புகையிரதத் திணைக்களத்தின் சொத்து. கேள்வி வந்தால் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்.

சிலர் கொங்கிறீட் வளை போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது என்பார்கள். கொங்கிறீட் பலம்தான், ஆனால் அது தன்னையும் சுமக்கவேண்டும். 9 அங்குல அகலம், 12 அங்குல உயரம், 16 அடி நீளமான ஒரு கொங்கிறீட் வளை மட்டுமே 800 கிலோவுக்கு மேல் வரும். அதாவது நாங்கள் முன்பு கணக்குப் பார்த்த முழு விறாந்தைக் கூரையையும்விடப் பாரம். மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய தூணில் அதை ஏற்றுவதை நினைத்துப் பாருங்கள். கம்பி எங்கே வரவேண்டும் என்பதும் முக்கியம். வளை கீழ்ப்பக்கத்தில்தான் இழுபடும். ஆகவே பிரதான கம்பிகள் கீழே இருக்கவேண்டும். கம்பியின் எண்ணிக்கையையும் தடிப்பையும் உத்தியோகத்தர் எழுதித் தரட்டும். கடற்கரை மணலைக் கழுவாமல் போடவேண்டாம், உவர்க் கிணற்றுத் தண்ணியும் வேண்டாம். உப்பு உள்ளே போனால் கம்பி கறள் பிடித்து, சில வருடத்தில் கொங்கிறீட்டை வெடிக்கச் செய்யும். வார்த்த பிறகு ஒரு கிழமையாவது நனைந்த சாக்குப் போட்டு ஈரம் காயாமல் பாருங்கள். கீழே கொடுத்த முட்டுகளை மூன்று கிழமைக்குத் தொடவேண்டாம். பலகைக்கு நாள் வாடகை கட்டுகிறோமே என்று மேசனார் அவசரப்படுவார். நீங்கள் அவசரப்படாதீர்கள்.

இவ்வளவையும் கேட்டபிறகு, உங்கள் வீட்டில் உண்மையிலேயே தூண் போகத்தான் வேண்டுமா என்று மீண்டும் ஒருமுறை பாருங்கள். சக்கர நாற்காலிக்காக என்றால் அளவுநாடாவை எடுங்கள். நாற்காலி நேரே போக 3 அடி வழி போதும். திரும்புவதற்கு 5 அடி வட்டம் வேண்டும். பல வீடுகளில் தூண் வாசலுக்கு நேரே நிற்பதுதான் தொல்லை. சரிவுப் பாதையைத் தூணுக்கு ஒரு பக்கமாக ஏற்றினாலே காரியம் முடிந்துவிடும். சரிவுப் பாதைக்கு 1 அங்குல உயரத்துக்கு 1 அடி நீளம் விடுங்கள். அத்திவாரம் ஒன்றரை அடி உயரமென்றால் பாதை 18 அடி வரும். முற்றத்தில் அதற்கு இடம் இருக்கும். அதைச் சுருக்கிச் செங்குத்தாகப் போட்டால் பிள்ளை தானே ஏறமுடியாது, ஒவ்வொரு முறையும் அம்மா பின்னால் நின்று தள்ளவேண்டி வரும்.

இன்னொரு வழி தூணை அகற்றாமல் நகர்த்துவது. 8 அடியும் 8 அடியும் இருந்ததை 10 அடியும் 6 அடியும் ஆக்கினால் வாசல் திறந்துவிடும், வளையும் அவ்வளவு பெரிதாக வேண்டாம். 10 அடிப் பக்கத்துக்கு மட்டும் கணக்குப் பார்க்கவேண்டும். முறிக்கிற விசை முன்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, தொய்வு இரண்டரை மடங்கு. இது மனிதர் சமாளிக்கக்கூடிய வித்தியாசம். புதிய இடத்தில் தூணுக்கு ஒழுங்கான அத்திவாரம் வேண்டும், விறாந்தைத் தரைச் சீமெந்தில் அப்படியே குத்தி நிறுத்தக்கூடாது. எனக்குப் பிடித்த வழி இதுதான். பார்த்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இது போதும் என்பது எங்கள் உத்தியோகத்தர்களின் எண்ணமும்.

இல்லை, முழுவதும் எடுக்கத்தான் வேண்டும் என்றால், வேலையின் ஒழுங்கைக் கவனியுங்கள்.

காலம் முதலில். ஐப்பசி தொடக்கம் தைவரை வாடைக்காலம், மழை. வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று. இடையில் மாசி, பங்குனி, சித்திரைதான் கூரை திறக்க நல்ல மாதங்கள். வேலை தொடங்கும் நாளன்று விறாந்தையில் யாரும் படுக்கவோ விளையாடவோ கூடாது, வேலை முடியும்வரை. பெரியம்மாவின் கட்டிலையும் உள்ளே எடுத்துவிடுங்கள்.

பிறகு அந்தத்துத் தூண்கள் இரண்டையும் பாருங்கள். நடுத்தூண் போனால் அவை ஒவ்வொன்றும் தாங்குகிற கூரைப்பாரம் குறைந்தது இரண்டு மடங்காகும். மேலே எவ்வளவு நல்ல வளை போட்டாலும் கீழே தூண் புதைந்தால் பயனில்லை. இங்கே எங்கள் மண்ணுக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. வீட்டோடு ஒட்டி வெட்டிய பங்கர். பல வளவுகளில் அதை மூடிவிட்டோம், பலருக்கு எந்த இடமென்றும் மறந்துபோய்விட்டது. வேறு யாராவது உங்கள் வீட்டில் இருந்து, நீங்கள் இல்லாத காலத்தில் வெட்டியும் இருக்கலாம். இளக்கமாகக் கொட்டி மூடிய மண் மழைக்கு இறங்கும். அந்தத்துத் தூணடியில் இருந்து ஓர் ஆறடிக்குள் நிலம் பள்ளமாகத் தெரிந்தால், அல்லது புல் வேறு விதமாக வளர்ந்திருந்தால், உத்தியோகத்தரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நீங்களாகக் கிண்டிப் பார்க்கவேண்டாம். பங்கருக்குள் என்ன விட்டுப்போனார்களோ தெரியாது.

அடுத்தது ஓட்டை இறக்குவது. முழு விறாந்தையின் ஓட்டையும் இறக்கி அடுக்கிவிடுங்கள். ஒரு நாள் கூலி கூடும்தான். ஆனால் அரைத் தொன் பாரம் தலைக்கு மேலே இல்லாமல் வேலை செய்யலாம். பிறகு பழைய வளைக்கு உட்பக்கமாக இரண்டு மூன்று அடி தள்ளி, கைமரங்களுக்குக் கீழே ஒரு தற்காலிக வளையைப் பிடித்து, நாலைந்து அடிக்கு ஒரு முட்டுக் கொடுங்கள். முட்டின் அடியில் அகலப் பலகை வைக்கவேண்டும். மணல் தரையில் கம்பு தானாகவே இறங்கிவிடும். முட்டுகள் ஆடாமல் ஒன்றோடொன்று குறுக்கே கட்டப்படவேண்டும். லொறி ஜக் கிடைத்தால் நல்லது, ஆனால் ஒரேயடியாக உயர்த்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக. கைமரங்கள் தற்காலிக வளையில் குந்திவிட்டன என்று தெரிந்த பிறகுதான் பழைய வளை இறங்கவேண்டும்.

புதிய வளையை ஏற்றி, இரண்டு அந்தத்திலும் குறைந்தது 6 அங்குலமாவது தூணில் குந்தும்படி வைத்து, பட்டி போட்டு இறுக்குங்கள். நடுவில் அடிப்பக்கத்தில் வெட்டோ துளையோ போடக்கூடாது. மின்விளக்குக்கோ ஊஞ்சலுக்கோ பிறகு துளைக்கவும் கூடாது. வளை புதியதாக நிற்கும்போதும் நடுத்தூண் தன் இடத்தில் நிற்கட்டும், வளைக்கும் அதற்கும் இடையில் ஒரு விரல் இடைவெளியோடு. தற்காலிக முட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். ஓட்டை ஏற்றுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் குவிக்காமல் இரண்டு அந்தத்திலிருந்தும் சமமாக. இரண்டு கிழமை விட்டு மீண்டும் நூலைப் பிடித்துப் பாருங்கள். ஒரு பெருமழை வந்துபோனால் இன்னும் நல்லது. வளை அந்த விரல் இடைவெளியைத் தின்றுவிடாமல் நின்றால், அப்போது தூணை எடுங்கள். இடைவெளி மூடி வளை தூணில் குந்திவிட்டதென்றால் தூணை விட்டுவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். இந்த விரல் இடைவெளி யோசனை ஓர் ஓடாவி ஐயா சொல்லித் தந்தது. கூலியில்லாத காவல்காரன் என்று அவர் அதற்குப் பேர் வைத்திருந்தார்.

கடதாசி அலுவல் சுருக்கமாக. வீட்டுத்திட்ட உதவி கட்டம் கட்டமாகக் கிடைக்கிற குடும்பங்கள், அனுமதித்த வரைபடத்தை மாற்றமுன் உங்களுக்குரிய தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கொடுப்பனவு தாமதமாகலாம். வீடு இனத்தவர் பேரில் இருந்து நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால், அவர் எந்த நாட்டில் இருந்தாலும் ஒரு கடிதம் வாங்கி வைத்திருங்கள். மேசனாரோடும் ஓடாவியாரோடும் பேசிய கூலி, மரத்தின் அளவு, முட்டை எப்போது எடுப்பது என்பவற்றை ஒரு கொப்பித் தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். நல்ல தொழிலாளி இதற்குக் கோபிக்கமாட்டார்.

உத்தியோகத்தர் வீட்டுக்கு வருமுன் நீங்கள் ஆயத்தமாக வைத்திருக்கவேண்டியவை: தூணுக்குத் தூண் எத்தனை அடி, விறாந்தையின் அகலம், வளையின் அகலமும் உயரமும், கூரை ஓடா தகரமா, வளைப் பொருத்து எந்த இடத்தில், நூல் பிடித்தபோது எவ்வளவு தொய்வு. இந்தக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்ட இடம் விட்டிருக்கிறோம், அதில் எழுதி வையுங்கள். எழுதக் கஷ்டமென்றால் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள்; அடிமட்டச் சோதனையைக் காட்டினால் அவர்களும் ஆசையாக வருவார்கள்.

இனி உங்கள் கேள்விகள். பின்வரிசையில் கனநேரமாகக் கையை உயர்த்தி வைத்திருக்கிற அம்மாவில் இருந்து தொடங்குவோம். சொல்லுங்கோ அம்மா, உங்கட விறாந்தை எத்தனை அடி?